ஒரு மடக்கு மிச்சம்

முதல் நாள் அந்தச் சத்தம் கேட்டபோது தெருவிளக்கு போட்டு ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. மூன்று மாதக் குழந்தை செரோமுக்குப் பால் கொடுத்துத் தோளில் சாய்த்து ஏப்பத்துக்காகத் தட்டிக்கொண்டிருந்தேன். அடுக்களை இருட்டுக்குள் யாரோ தண்ணீர் குடித்தார்கள். மடக், மடக், மடக் என்று, உச்சிவெயிலில் வெகுதூரம் நடந்து வந்தவர்கள் மூச்சு வாங்கக்கூட நிறுத்தாமல் குடிப்பார்களே அப்படி, தொண்டை ஏறி இறங்குவது காதுக்கே தெரிகிற மாதிரி. என் வீட்டுக்காரர் தொம்மை அப்போதுதான் பட்டறை மோட்டாரை நிறுத்திவிட்டு வாசலில் கைகால் கழுவிக்கொண்டிருந்தார், வீட்டில் வேறு ஆள் கிடையாது. குடித்து முடிந்ததும் ஒரு பெருமூச்சு கேட்டது, பெருமூச்சு முடிந்ததும் கிளாஸ் தரையில் விழுந்து நொறுங்கியது. விளக்கைப் போட்டுப் பார்த்தால், அவர் டீ குடிக்கிற கண்ணாடி கிளாஸ், நான் தண்ணீர் ஊற்றி ஊற வைத்திருந்தது, சில்லுச் சில்லாகக் கிடந்தது. தரையில் மட்டும் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"பூனை" என்றார் அவர்.

"பூனைதான்" என்றேன் நான். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சில்லுகளைப் பொறுக்கினோம்.

விடிந்த பிறகுதான் தெரிந்தது, பூனை எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை என்று. எங்கள் கடைசல் தெருவில் மொத்தம் நாற்பத்தொரு வீடு, ஆற்றைப் பார்த்த கடைசி வீடு எங்களுடையது. வீட்டுக்கு வீடு பட்டறை, தொட்டில் கம்பும் நடைவண்டிச் சக்கரமும் கிலுகிலுப்பையும் கடைந்து அரக்குப் பூசி ஊர் ஊராக அனுப்புகிற தெரு, எந்த ஊரில் பிள்ளை பிறந்தாலும் அது முதலில் பிடித்துப் பார்க்கிற சாமான் எங்கள் தெருவிலிருந்து போனதாக இருக்கும். அந்தத் தெருவில் மேல்கோடி டீக்கடையில் ஆரம்பித்து, ஒரு வீடு விடாமல், கண்ணாடி கிளாஸில் இருந்த தண்ணீரெல்லாம் குடிக்கப்பட்டிருந்தது, கிளாஸெல்லாம் உடைந்திருந்தது. எவர்சில்வர் டம்ளரையோ செம்பையோ பிளாஸ்டிக் மக்கையோ யாரும் தொடவில்லை.

டீக்கடை உச்சிமாகாளி அண்ணாச்சி நடுத்தெருவில் நின்று கத்தினார். "எவம்லே என் கடைக்குள்ள வந்து பச்சத்தண்ணியக் குடிச்சிட்டுப் பன்னெண்டு கிளாஸ உடைச்சது? டீன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே ஆத்திக் குடுத்திருப்பனே, மூதி!"

எனக்கு முதல் ராத்திரியே தெரிந்துவிட்டது, ஆனால் நான் சொல்லவில்லை. அது என் மூத்தவள் செலின். போன சித்திரையில், செரோம் என் வயிற்றில் ஐந்து மாதமாக இருக்கும்போது, இரண்டரை வயதில் வயிற்றாலே போய் மூன்றே நாளில் போய்ச் சேர்ந்தவள். வயிற்றாலே போகிற பிள்ளைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்பது எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவது மாதிரி ஒரு விஷயம், யாரும் ஏன் என்று கேட்பதில்லை. உள்ளே போனால்தானே வெளியே வரும் என்பார்கள். நான் கன்னியர் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தவள். கொதித்து ஆறின தண்ணீர் ஒரு லிட்டர், சீனி தலை தட்டி ஆறு சின்னக் கரண்டி, உப்பு அரைக் கரண்டி என்று சுகாதாரப் பாடத்தில் எழுதி சிஸ்டர் கையால் பத்துக்குப் பத்து வாங்கியவள். எழுதத் தெரிந்ததே தவிர எனக்குக் கொடுக்கத் தெரியவில்லை. ஒரே ஒரு தடவை கரண்டியில் எடுத்தேன், தொம்மை என் கையைப் பிடித்து, கோபமே இல்லாமல், அழுதுகொண்டே, கரண்டியை வாங்கி வைத்துவிட்டார். அவள் 'அப்பா கிளாசு, அப்பா கிளாசு' என்று அலமாரியைக் காட்டிக்கொண்டே கிடந்தாள். மூன்றாம் நாள் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது, பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறியது, ஜன்னலைப் பார்த்து "அந்தா தண்ணி" என்றாள். பாலம் முடிகிற இடத்தில் என் மடி கனத்தது.

உயிரோடு இருந்தபோது அவளுக்கு இரண்டு ஆசை. ஒன்று, எங்கள் வாசல் கதவின் அடித்தாழ்ப்பாள். மேலே இரும்புத் தாழ்ப்பாள், கீழே தரையை ஒட்டி இன்னொன்று. கீழேயிருப்பதற்கு அவர் ஒரு மரக்குமிழ் கடைந்து மாட்டியிருந்தார், அது அவள் உயரத்துக்குக் கணக்காக இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் வெளியே நிற்கும் நேரம் பார்த்துக் குத்தவைத்து உட்கார்ந்து அதை அமுக்கித் தள்ளிவிட்டு, உள்ளேயிருந்து "யாரும் வராதீங்க" என்று கெக்கலி கொட்டிச் சிரிப்பாள். இன்னொன்று, அப்பா டீ குடிக்கிற கண்ணாடி கிளாஸ். வேறு எதில் கொடுத்தாலும் வாயைத் திருப்பிக்கொள்வாள். கிளாஸ் வழுவழுப்பு, சின்னக் கையில் நிற்காது, இரண்டு தடவை போட்டு உடைத்தாள். "இரு, உனக்கு மரத்துல ஒரு கூடு கடைஞ்சு, பிடி போட்டுத் தாரேன், விழவே விழாது" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். தொட்டில் கம்புக்கு நிறைய ஆர்டர் இருந்த மாசம் அது. சொல்லிக்கொண்டே இருந்தார், அவ்வளவுதான்.

அவள்தான் என்று தெரிந்தும், பெற்ற தாயாக இருந்தும், எனக்குப் பயமாக இருந்தது. நாற்பது வீட்டில் குடித்தும் அடங்காத தாகம் நாற்பத்தொன்றாவது வீட்டுக்கு வரும்போது, அங்கே தொட்டிலில் தம்பி என்று ஒருத்தன் கிடக்கிறானே, அவனை என்ன செய்யும்? அந்திக்கு மேல் செரோமின் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டே படுத்திருப்பேன். மேல்கோடியில் தொடங்கி, மடக் மடக், சிலீர், மடக் மடக், சிலீர் என்று வீடு வீடாக இறங்கி வருகிற சத்தத்தை எண்ணிக்கொண்டிருப்பேன். எங்கள் வீட்டுக்குக் கடைசியாகத்தான் வருவாள், வேறு எங்கும் கிடைக்காதவள் வருவதுபோல.

தெரு ரொம்ப நாள் பயப்படவில்லை. முதல் நாலு நாள் ஆளாளுக்குக் கதவைத் தாழ் போட்டுப் படுத்தார்கள். தாழ் போட்ட வீட்டுக் குடத்துத் தண்ணீர் விடியும்போது கண்ணீராகக் கரித்தது, கிளாஸ் வைக்காத வீட்டிலும் அப்படியே. சரி, தாழ் போடவேண்டாம், ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்துவிட்டால் தொந்தரவு இல்லை என்று முடிவாகி, நாற்பத்தொரு வீட்டிலும் கதவைச் சாத்தி மட்டும் வைத்தார்கள். பேய் என்ற வார்த்தையை ஒருவரும் சொல்லவில்லை. தாகக்காரர் என்றார்கள். ஒரு மாசத்துக்குள், "நேத்து நம்ம தாகக்காரர் கொஞ்சம் லேட்டு" என்றும், "மழையில்லா, நனைஞ்சிட்டு வந்திருப்பாரு, பாவம்" என்றும் பேச்சு சகஜமாகிவிட்டது. பங்குச் சாமியாரிடம் போய்ப் பெண்கள் கேட்டார்கள், இது பாவமா என்று. தாகமாயிருக்கிறவர்களுக்குத் தண்ணீர் கொடு என்றுதான் எழுதியிருக்கிறது, செத்தவர்களா இருக்கிறவர்களா என்று விசாரித்துக் கொடுக்கச் சொல்லி எழுதவில்லை என்று சொல்லிவிட்டு, மறுநாளிலிருந்து கோயிலை ஒட்டி அவர் தங்குகிற அறைவீட்டிலும் ஒரு கிளாஸ் வைத்தார்.

கிளாஸ் உடைவதுதான் தீராத தொல்லையாக இருந்தது. கடைசியில் அண்ணாச்சி எங்கள் பட்டறைக்கு வந்து உட்கார்ந்தார்.

"தொம்மை, அந்த ஆளுக்குக் கை நடுங்குதுவே. இல்லன்னா இப்படிப் போட்டு உடைப்பாரா? மரத்துல ஒரு கூடு கடைஞ்சு, பிடி போட்டுக் குடும். விழவே விழாதுல்லா?"

மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனாலும் அந்தக் கடைசி வார்த்தை எனக்குக் கேட்டது, அவருக்கும் கேட்டது. உளி கையிலேயே நின்றது. "செய்யிதேன் அண்ணாச்சி" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வேறு வேலை நடக்கவில்லை. பூவரசங்கட்டையை மிஷினில் பூட்டிச் சுழலவிட்டு உளியை வைத்தால் முதலில் முரண்டு பிடித்துத் தடதடக்கும், மூலையெல்லாம் உதிர்ந்து உருண்டதும் முனகலாக அடங்கும். பிறகு உள்ளே குடைவார், கிளாஸ் அடியில் ஒடுங்கி மேலே விரிகிற அந்தச் சாய்வுக்கே குடைந்து, கிளாஸை இறக்கிப் பார்த்து, எடுத்து, இன்னும் ஒரு இழை சீவி, மறுபடி இறக்கி, விளிம்பு ஒரு விரல்கடை மேலே தெரிகிற அளவில் நிறுத்துவார். பிடியைத் தனியாகக் கடைந்து, கரண்டிக்குக் காம்பு மாதிரி பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும்படி கூட்டில் துளைபோட்டு முளையடித்து இறுக்குவார். கூடு எல்லாருக்கும் ஒன்றுதான். பிடிதான் கைக்குக் கை மாறும், யார் கை என்பதில்தான் தெருவே பிரிந்து நின்றது. அண்ணாச்சிக்குச் சந்தேகமே இல்லை, அது அவர் அப்பாதான். கோடையில் பஸ் பிரேக்டவுனாகி நின்ற இடத்தில் தண்ணீர் கேட்டுக்கொண்டே நெஞ்சடைத்துப் போனவர். அவருடைய மோதிரத்தைக் கொண்டுவந்து விரல் கனத்துக்கு அளவு கொடுத்தார். தபால்கார வீட்டு அம்மா, புருஷன் சுண்ணாம்பு அடித்தபோது சுவரில் பதிந்த கையை நியூஸ் பேப்பரில் வரைந்து எடுத்து வந்தார். வளையல் கொண்டுவந்தார்கள், கைக்கடிகார வார் கொண்டுவந்தார்கள். 'எங்க மாமனுக்குச் சுண்டுவிரல் கிடையாது, அதுக்குத் தக்கன கடைங்க' என்றார்கள். தொம்மை எல்லாருக்கும் கடைந்தார். ஒவ்வொரு காலையிலும் கூடு ஒரு பக்கம், பிடி ஒரு பக்கம், கிளாஸ் சில்லாக. ஆண் கை, பெண் கை, கலியாணமாகாமல் போன பையன் கை என்று பிடி நாளுக்கு நாள் ஒல்லியாகிக்கொண்டே வந்தது. நான் திண்டாடிப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. என் பிள்ளை என்று நான் சொல்லிவிட்டால், நாற்பது வீட்டுக் கதவும் என் பிள்ளை முகத்தில் சாத்திக்கொள்ளுமோ என்று இருந்தது.

ஒருநாள் அந்தியில் அண்ணாச்சிக்குக் கொடுக்க வேண்டிய பிடிக்கு மட்டும் கட்டை போதவில்லை. தெருவில் கதவுகள் சாத்துகிற நேரம் நெருங்கிவிட்டது என்று, தொம்மை மூலையில் கிடந்த கிலுகிலுப்பைப் பிடி ஒன்றை, ஒரு சாண்கூட இருக்காது, என் நடுவிரல் தடிமன், எடுத்து முளையை ஒடுக்கிச் சொருகிக் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் டீக்கடையில் சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால், பாய்லருக்குப் பக்கத்தில் அந்தக் கிளாஸ் கூட்டோடும் பிடியோடும் வைத்த இடத்தில் நிமிர்ந்து நிற்கிறது. அண்ணாச்சி அந்தப் பிடியைப் பிடித்துப் பார்த்தார். அவர் கையில் இரண்டு விரலுக்குத்தான் இடம் இருந்தது.

"இது பிள்ளைக் கைல்லா" என்றார், பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் அன்றைக்கு அவர் யாருக்கும் டீ ஆற்றவில்லை.

போன சித்திரையில் எங்கள் தெருவில் ஏழு பிள்ளைகள் போயின. ஏழும் ஒரே நோவு, ஏழுக்கும் தண்ணீர் காட்டவில்லை. அதை அதுவரை யாரும் ஏழு என்று சேர்த்துச் சொன்னதில்லை, அவரவர் வீட்டுக்கு ஒன்று என்றுதான் இருந்தது. அன்றைக்குக் காலையில் நாற்பத்தொரு வீட்டுப் பெண்களும் டீக்கடை வாசலில் நின்றார்கள், ஒருத்தியும் வாய்விட்டு எண்ணவில்லை, எல்லாரும் மனசுக்குள் எண்ணினார்கள். பிறகு எங்கள் பட்டறையில் ஆளுக்கு ஒரு கிலுகிலுப்பைப் பிடி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அன்று ராத்திரி ஒரு கிளாஸும் உடையவில்லை. அதற்கப்புறம் ஒருநாளும் உடையவில்லை. மடக், மடக் என்று நாற்பத்தொரு வீட்டிலும் கேட்கும், பிறகு மரக்கூடு அலமாரியில் மெதுவாக உட்காருகிற 'டொக்'. ஏழு தாய்மாரில் ஒவ்வொருத்திக்கும் ஓர் அடையாளம் கிடைத்தது. ஒருத்திக்கு விளிம்பில் கண்மை ஈஷியிருந்தது, ஒருத்திக்குப் பிடியில் வெந்தயக்களி வாசம் அடித்தது. யாரும் யாரிடமும் 'உன் பிள்ளை இல்லை, என் பிள்ளை' என்று சண்டைக்குப் போகவில்லை. என் வீட்டுக்காரரின் அக்கா மிக்கேலம்மாள், நான் மைனி என்று கூப்பிடுகிறவள், நாலு வயசுப் பையனைப் பறிகொடுத்த நாளிலிருந்து தலை வாராமல் கிடந்தவள், எண்ணெய் வைத்துச் சீவிப் பூ வைத்துக்கொண்டு வந்து சொன்னாள்: "குடிச்சிட்டுப் போச்சுட்டி எம்புள்ள. வயிறு நெறையக் குடிச்சிட்டுப் போச்சு." தெருவுக்கு வாழ வருகிற பெண்கள் சீர்வரிசையில் குட்டிப்பிடி போட்ட கிளாஸ் ஒன்றும் கொண்டுவர ஆரம்பித்தார்கள். கிறிஸ்மஸுக்கு ரஸ்னா கலக்கி வைத்தார்கள், பொங்கலுக்குப் பதநீர். தெரு முழுக்கப் பெண்களின் முகம் தெளிந்தது.

எங்கள் வீட்டுக்கு அவர் தனியாக ஒன்று கடைந்தார். யாரிடமும் அளவு கேட்கவில்லை. தன் கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் வளையமாக மூடி, கண்ணை மூடிக்கொண்டு, கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, அதுதான் என்று நிறுத்தி, அந்த வளையத்தில் பிடியை நுழைத்து நுழைத்துப் பார்த்தே கடைந்தார். மரம் சுழலும்போதே சிவப்பு அரக்குக் கட்டியை அழுத்தினால் சூட்டில் உருகிப் பூசிக்கொள்ளும். சிவப்பு, அதன்மேல் மஞ்சள் வரி, மறுபடி சிவப்பு. தாழை மடலால் தேய்த்து முகம் தெரிகிற மாதிரி மெருகேற்றினார். மறுநாள் காலையில் கிளாஸை எடுத்துப் பார்த்தேன், அடியில் ஒரு மடக்குத் தண்ணீர் மிச்சம் இருந்தது. அதற்கு மறுநாளும். அப்பா கிளாஸில் எது குடித்தாலும் கடைசி மடக்கை 'இது அப்பாவுக்கு' என்று வைத்துவிடுவது அவள் வழக்கம். நான் கிளாஸை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கிக் குடித்தார், பட்டறைக்குள் போய் மோட்டாரைப் போட்டார். கட்டை எதுவும் பூட்டாமல் வெறும் மிஷின் மத்தியானம் வரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது.

இப்படியே போயிருந்தால் நானும் பழகியிருப்பேன். சித்திரை வந்தது. செரோமுக்கு எட்டு மாதம். வியாழக்கிழமை விடியற்காலையில் தொட்டில் துணி நனைந்திருந்தது. மத்தியானத்துக்குள் ஒன்பது தடவை. சாயங்காலம் அழுதால் கண்ணீர் வரவில்லை, உச்சிக்குழி கிண்ணம் போல உள்ளே போயிருந்தது, முலையைப் பிடிக்கத் தெம்பில்லை. தொம்மை பிள்ளையின் அடிவயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டுப் பார்த்தார், அது எழுந்த இடத்திலேயே நின்றது. சைக்கிளை எடுத்தார்.

"ஆத்துக்கு அந்தப்பக்கம் போய்க் கார் கூட்டிட்டு வாரேன். எவ்வளவு நேரமாகும்னு தெரியாது. ஏ பெலிசி, நீ குடு." வாசலில் இறங்கியவர் திரும்பினார். "யாரு என்ன சொன்னாலும் குடு. நானே திரும்பி வந்து கையப் பிடிச்சாலும் குடு."

தண்ணீரைக் கொதிக்க வைத்து, மின்விசிறிக்கு அடியில் ஆற வைத்து, ஆறு கரண்டி சீனி, அரைக் கரண்டி உப்பு, பத்துக்குப் பத்து. கலக்கியதும் என் கை பழக்கத்தில் செலினுடைய கிளாஸில்தான் முதலில் ஊற்றி அலமாரியில் வைத்தது. மீதியைச் சட்டியில் வைத்துக்கொண்டு பிள்ளையை மடியில் போட்டு முதல் கரண்டியை உதட்டில் வைக்கும்போது மைனி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். எங்கள் தெருவில்தான் கதவு எதற்கும் தாழ் போடுவதில்லையே.

"என்னட்டி குடுக்க அவனுக்கு?"

"உப்பு, சீனி போட்ட தண்ணி மைனி. ஆஸ்பத்திரி போற வரைக்கும் உசிரு நிக்கணும்லா. பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்திருக்காங்க."

"போன வருசமும் உனக்கு அந்தப் பள்ளிக்கூடம் இருந்துச்சுல்லா? அப்ப எங்க போச்சு?"

"அப்ப எனக்குத் தைரியம் இல்ல மைனி. தண்ணி குடுக்காமத்தான் மைனி நம்ம புள்ளைங்க போச்சு. ஏழும்."

மைனி சட்டியையே பார்த்தாள். அவள் குரல் இறங்கிப் போயிற்று.

"அப்படிச் சொல்லாதட்டி. நாலு நாள் எம்மடியில கெடந்து கேட்டான், உதட்ட நனைக்கக்கூட விடாம ராவும் பகலும் காவலிருந்தேன். நீ சொல்லுதது நெசம்னா, எம்புள்ளய நான்தானட்டி கொன்னிருக்கேன்?"

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் ஒருவேளை நல்லதாக இருந்திருக்குமோ என்னவோ. என் மௌனத்தைப் பார்த்துக்கொண்டே நின்றவள், அதிலிருந்த பதிலைப் படித்துவிட்டாள். குனிந்து சட்டியை எடுத்து வாசலில் வீசினாள். அடுக்களைக்குப் போய்க் குடத்தைக் கவிழ்த்தாள், தவலையைக் கவிழ்த்தாள், செம்பைக் கவிழ்த்தாள், வீடு முழுக்கத் தண்ணீர் ஓடிப் படி இறங்கித் தெருவுக்குப் போயிற்று.

"தாகம் பிள்ளைக்கு இல்லட்டி, அது நோய்க்கு. கண்ணு முன்னால இன்னொண்ணு சாக நான் விடமாட்டேன்."

அலமாரிக்கு வந்ததும் அவள் கை நின்றது. சிவப்பும் மஞ்சளுமாக அந்தக் கிளாஸ் தளும்ப நின்றது. எங்கள் தெருவில் வைத்த தண்ணீரை ஒருவரும் தொடமாட்டார்கள், வைத்தவளும்கூடத் தொடக்கூடாது.

"இதக்கூடவா எடுத்துக் குடுக்கப் பாத்தே?"

"இல்ல மைனி."

"செத்த பிள்ளைக்குத் தண்ணி வைக்கலாம்ட்டி. சாகப்போற பிள்ளைக்கு வைக்கக் கூடாது." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "உன்கிட்ட இவன விட்டுவைக்க முடியாது. பொம்பளைங்கள கூட்டிட்டு வாரேன், தம்பி வர்ற வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும்."

அவள் போனாள். தெருக்குழாயில் விடிந்துதான் தண்ணீர் வரும்; அடிபம்பு டீக்கடைக்கு எதிரில், அங்கேதான் பெண்கள் கூடிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் என் பிள்ளைக்கும் இருந்தது அலமாரியில் ஒரு கிளாஸ். எழுந்து கையை நீட்டினால் எட்டும். நான் எழுந்திருக்கவில்லை. ஐந்து மாதமாக நாற்பத்தொரு வீடு நடந்து, கடைசியாகத் தாய் வீட்டுக்கு வருகிறவளுடைய தண்ணீர் அது. அவளிடமிருந்து ஒருதடவை வாங்கி வைத்தாயிற்று, இன்னொரு தடவையா? கதவைத் தாழிட்டால் பெண்கள் வரமாட்டார்கள், ஆனால் செலினும் வெளியே நிற்பாள். தாழிடாவிட்டால் செரோமைத் தூக்கிக்கொண்டு போவார்கள், விடியும்போது எட்டாவது பிள்ளைக்குப் பிடி கடைய என் வீட்டுக்காரர் கட்டை அறுப்பார். அருள்நிறைந்த மரியே என்று ஆரம்பித்தேன், பாதியில் மறந்துபோயிற்று. செரோமின் வாய் திறந்தபடியே இருந்தது. நாக்கு ஒட்டுகிற சத்தம், டக், டக் என்று, மிஷின் நின்ற பிறகு கட்டை ஆறுகிற சத்தம்போல.

மேல்கோடியில் அன்றைக்கு மடக் மடக் கேட்கவில்லை. இரண்டாவது வீட்டில் கேட்கவில்லை, மூன்றாவதில் கேட்கவில்லை. கேட்டது எங்கள் அலமாரியில்தான். மரக்கூடு பலகையில் அரைபட்டு நகர்ந்தது. குடிக்கிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன், அது வரவில்லை. பிறகு அந்தக் கூடு தரையில் இழுபடுகிற சத்தம், ஈரத் தரையில் சர்ர், சர்ர் என்று, நடக்கக் கற்றுக்கொண்டு ரொம்ப நாள் ஆகாத பிள்ளை கனமான ஒன்றைக் கவனமாகக் கொண்டுவருகிற மாதிரி நின்று நின்று வந்து, என் முழங்காலில் முட்டியது. பார்த்தேன். விளிம்பு வரை இருந்தது, ஒரு சொட்டு சிந்தவில்லை. தினமும் ஒரு மடக்கு மிச்சம் வைக்கிறவள் அன்றைக்கு எல்லாவற்றையும் மிச்சம் வைத்திருந்தாள்.

முதல் கரண்டி உள்ளே இறங்கியதா, கடைவாயில் வழிந்ததா தெரியவில்லை. இரண்டாவது கரண்டிக்குத் தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. ஒரு கிளாஸ் எத்தனை கரண்டி, கார் வரும்வரை அது காணுமா, கார் வருமா, எதுவும் எனக்குத் தெரியாது. ஒரு கையில் பிள்ளையின் தலை, ஒரு கையில் கரண்டி. வெளியே செருப்புச் சத்தங்களும் டார்ச் வெளிச்சமும் தெருவை அடைத்துக்கொண்டு வந்தன, மைனியின் குரல் முன்னால் வந்தது, "ஏட்டி பெலிசி, பிள்ளையத் தா, சொன்னாக் கேளு", சாத்தியிருந்த கதவு ஒரு சாண் அளவுக்குத் திறந்து, அந்தச் சந்தில் நாலைந்து விரல்கள் தெரிந்தன.

மூன்றாவது கரண்டியை எடுத்தேன். கதவு தானாக வந்து, விரல்கள் விலகுகிற அளவுக்கு மெதுவாக வந்து, நிலையோடு ஒட்டிக்கொண்டது. பிறகு, தரையை ஒட்டி, ஒரு வருஷமாக யாரும் தொடாமல் துருவேறி இறுகிப்போயிருந்த அடித்தாழ்ப்பாளின் மரக்குமிழ் ஆடியது, முக்கியது, கொஞ்சம் நகர்ந்து நின்றது, மறுபடி நகர்ந்தது, உள்ளிருந்தபடியே கடைசிவரை போய் விழுந்தது.